கோடு போட்டுச் சேர்த்த இரண்டு பெயர்கள்

1982 ஏப்ரல் 30. சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில், கட்சி அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காரை வழிமறித்துச் சுட்டார்கள். கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோரேயும், காரை ஓட்டிய ரொசாரியோ தி சால்வோவும் அங்கேயே இறந்தார்கள்.

மாஃபியாவுக்கு லா தோரே மீது பழைய பகை உண்டு. 1980 மார்ச்சில் அவர் முன்வைத்த மசோதா அதை முற்றவைத்தது. அதுவரை இத்தாலியத் தண்டனைச் சட்டத்தில் ‘மாஃபியா’ என்ற சொல்லே கிடையாது. ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், இன்ன கொலையை இவர்தான் செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். சாட்சி சொல்லத்தான் ஆள் கிடைக்காது. வாய் திறந்தவன் வீடு திரும்பமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். அந்த மௌனத்துக்கு அங்கே ‘ஒமெர்த்தா’ என்று பெயர். 1960களின் இறுதியில் நடந்த பெரிய வழக்குகளில், போதிய சாட்சியம் இல்லை என்று பெரும்பாலோர் விடுதலையானார்கள்.

லா தோரேயின் மசோதா இரண்டு இடங்களில் கைவைத்தது. மிரட்டலையும் மௌனத்தையும் ஆயுதமாக்கும் கூட்டத்தில் சேர்ந்திருப்பதே குற்றம். அப்படிச் சேர்த்த சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம். சிறைக்கு அஞ்சாதவர்களும் நிலம் போகும், வீடு போகும் என்றதும் அஞ்சினார்கள்.

யார் வீட்டுக் குப்பை?

அனைத்துக் கட்சிக் கூட்டம் என்றதும் நமக்கு நினைவு வருவது நீண்ட மேசை, தேநீர், கூட்டறிக்கை. இத்தாலியிலும் அதற்குக் குறைவில்லை. மாஃபியாவை ஆராய 1962-இல் சட்டம் இயற்றி, பல கட்சியினரும் இடம்பெற்ற நாடாளுமன்றக் குழுவை அமைத்தார்கள். அது இறுதி அறிக்கை தர 1976 ஆகிவிட்டது. அந்த அறிக்கை போதாது என்று லா தோரேயும் நீதிபதி செசாரே தெர்ரனோவாவும் தனி அறிக்கை தந்தார்கள். ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிப் பிரமுகர்களுக்கும் மாஃபியாவுக்கும் இருந்த உறவை அது பேசியது. 1979-இல் தெர்ரனோவா கொல்லப்பட்டார்.

அதே ஆண்டின் தொடக்கத்தில், பிப்ரவரியில், பலேர்மோவில் ஒரு வேளாண் மாநாடு நடந்திருந்தது. சிசிலி அரசின் வேளாண் துறையில் நடக்கும் முறைகேடுகளை லா தோரே மேடையில் போட்டு உடைத்தார். அடுத்துப் பேச வேண்டியவர் மாநில அரசின் தலைவர் பியர்சாந்தி மத்தரெல்லா. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். தன் அமைச்சரைக் காப்பாற்றுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ, திருத்த வேண்டியது உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

எதிர்க்கட்சியின் குப்பையைக் காட்ட எல்லோருக்கும் கை நீளும். தன் வீட்டுக் குப்பையை ஒப்புக்கொள்வதில்தான் ஒத்துழைப்பு தொடங்குகிறது. கட்சிகளுக்கு இது புரிவதற்கு முன்பே மாஃபியாவுக்குப் புரிந்துவிட்டதோ என்னவோ, 1980 ஜனவரி 6 அன்று மத்தரெல்லா சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றைய இத்தாலியக் குடியரசுத் தலைவர் செர்ஜோ மத்தரெல்லா அவருடைய தம்பி.

பத்தே நாளில்

லா தோரே இறந்தும் மசோதா அசையவில்லை. மாஃபியாவை ஒடுக்கப் பலேர்மோவுக்கு அனுப்பப்பட்ட ஜெனரல் கார்லோ அல்பேர்த்தோ தல்லா கியேசா, கூடுதல் அதிகாரம் கேட்டுக் காத்திருந்தார். செப்டம்பர் 3 இரவு, அவரையும் மனைவியையும் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள்.

செப்டம்பர் 13-இல் சட்டம் வந்துவிட்டது. இரண்டரை ஆண்டு தூங்கிய மசோதாவுக்குப் பத்து நாள் போதுமானதாக இருந்தது. உள்துறை அமைச்சர் விர்ஜீனியோ ரொன்யோனி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. மசோதாவின் மூலவர், கம்யூனிஸ்ட். இருவர் பெயரையும் ஒரு சிறு கோட்டால் இணைத்து ‘ரொன்யோனி – லா தோரே சட்டம்’ என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

1986-இல் பலேர்மோவில் தொடங்கிய மாபெரும் வழக்கு இந்தச் சட்டத்தின் மேல்தான் நின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 475 பேர். 1987 டிசம்பரில் 19 பேருக்கு ஆயுள் தண்டனை. 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மாஃபியா பழிதீர்த்தது. வழக்குக்கு உழைத்த நீதிபதிகள் ஃபல்கோனே மே மாதத்திலும் போர்செலினோ ஜூலையிலும் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்கள்.

பறித்த சொத்தைப் பொதுப்பயனுக்குத் தர வேண்டும் என்று பத்து லட்சம் பேர் கையெழுத்திட, 1996-இல் அதற்கும் சட்டம் வந்தது.

லா தோரே ஏழை விவசாயியின் மகன். 1950-இல் நிலமற்றவர்களைத் திரட்டித் தரிசு நிலத்தில் இறங்கியதற்காக ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர். இன்று சிசிலியின் சான் ஜுசெப்பே யாத்தோவில், மாஃபியாவிடமிருந்து பறித்த நிலத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் பயிர் செய்கிறது. சங்கத்தின் பெயர், பியோ லா தோரே.