நாரிநோவும் ஓர் ஆராய்ச்சியாளரும்



கல்விமான் ஒருவரைச் சபைக்கு அறிமுகஞ் செய்வோர், அவர் இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டவர் என்று தொகை கூறுவது வழக்கம். தொகை மாத்திரம் ஒருவரின் தகுதியைக் காட்டிவிடுமா? நெல்லின் சிறப்பு மூடைகளின் எண்ணிக்கையில் அன்று, மணியின் திரட்சியிலன்றோ உள்ளது! கட்டுரைகளை ஆண்டு முறையாக வைத்து நோக்கினால், எழுதியவர் எவ்வினாக்களை எழுப்பினார், அவற்றின் பொருட்டு எவற்றைத் தாங்கினார் என்பன புலனாகும். அத்தகைய பட்டியல் ஒன்றையே இன்று உங்கள்முன் விரிக்க எண்ணுகின்றேன். அமெரிக்க வைத்தியர் றிச்சாட் டேயோ என்பாரின் பட்டியல் அது. பொருளோ, நாம் நாரிநோ என்றும் நாரிப்பிடிப்பு என்றும் கூறும் முதுகின் அடிப்புற வலி.

முன்னர் இந்நோவுக்கு வைத்தியர் விதித்த முதல் மருந்து படுக்கையே. ஒரு கிழமை, இரு கிழமை என்று அசையாது கிடந்தோர் பலர். நூல்கள் அவ்வாறு கூறின, ஆசிரியர் அவ்வாறே கற்பித்தனர், ஐயுற்றோர் சிலரே. ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரிற் பணியாற்றிய டேயோவும் துணைவரும் அந்த ஐயத்தை எழுப்பினர். நரம்புப் பாதிப்பு இல்லாத 203 நோயாளரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு இரண்டு நாட் படுக்கை. மற்றப் பிரிவினர்க்கு ஏழு நாட் படுக்கை. யார் எப்பிரிவு என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாது, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையாலே தீர்மானித்தனர். அவ்வாறு செய்வதால், கடுநோவுடையோர் ஒருபுறமும் இலேசான நோவுடையோர் மறுபுறமும் குவியாமல், தராசின் தட்டிரண்டும் சமன்படுகின்றன.

முடிவு 1986ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஏழு நாள் விதிக்கப்பட்டோர் சராசரியாக 5.6 நாள் வேலையை இழந்தனர். இரண்டு நாள் விதிக்கப்பட்டோர் இழந்தது 3.1 நாள். நோய் தீர்வதில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. விதித்தபடி எல்லோரும் படுத்திருக்கவில்லை என்பதையும் கட்டுரை மறைக்கவில்லை. தன் குறையைத் தானே கூறும் ஆராய்ச்சியே நம்பத்தக்கது.

நான்கு ஆண்டு கழித்து, 1990இல், வேறொரு வினா. தோலின்மீது சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி நோவைத் தணிக்கும் கருவி அக்காலத்திற் பெரிதும் வழங்கியது. நாட்பட்ட நாரிநோவுடைய 145 பேரைக் கொண்டு அதனைச் சோதித்தனர். சிலர்க்கு மின்னோட்டம் வராத போலிக் கருவி கொடுக்கப்பட்டது. ஒரு மாதத்தின் பின் பார்த்தால், உண்மைக் கருவி போலிக் கருவியைவிட மேலானதாய் இல்லை! உடற்பயிற்சி செய்தோர்க்கோ நோவு குறைந்தது, நடமாட்டம் கூடியது. ஆயினும் அடுத்த இரண்டு மாதத்திற் பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிட்டனர். பெற்ற நன்மையும் மறைந்தது. ஆசிரியர் வகுப்பை விட்டு அகன்றதும் வாய்பாட்டை மறக்கும் மாணவரை அறிந்த எமக்கு இது வியப்பன்று. புனர்வாழ்வு என்பது பிறர் கொடுத்து நாம் வாங்கும் பண்டமன்று. நாடோறும் நாமே செய்யும் வேலை.

2003இல் டேயோவும் பங்குகொண்ட மற்றொரு சோதனையில் 380 நோயாளர்க்குச் சாதாரண எக்ஸ்றேப் படமோ, எம்.ஆர்.ஐ. எனும் நுண்ணிய காந்தப் படமோ எடுக்கப்பட்டது. ஓராண்டின் பின் இரு பிரிவினரின் நலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. படம் நுண்ணியதாயினும், அதனால் நோயாளர் கூடுதலான சுகம் பெறவில்லை.

இத்தகைய முடிவுகள் எல்லோர்க்கும் இனிக்குமா? 1994இல் அமெரிக்க மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சி நிறுவனமொன்று, புதிதாய் வரும் நாரிநோவுக்குச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் வேண்டுவதில்லை என்ற கருத்துடைய வழிகாட்டியை வெளியிட்டது. முதுகெலும்புச் சத்திரசிகிச்சையாளர் சிலர் வெகுண்டனர். 1995இல் அந்நிறுவனத்தின் நிதியை அறவே நிறுத்தும் முயற்சி சட்டசபையில் எழுந்தது. நிறுவனம் தப்பியது, நிதியோ குறைந்தது. நலனைக் காக்க முனைவோர் ஆராய்ச்சியாளரை எவ்வாறு அச்சுறுத்துகின்றனர் என்று 1997இல் டேயோவும் துணைவரும் வெளிப்படையாகவே எழுதினர்.

அவர் அதன் பின்னும் ஓய்ந்தாரல்லர். முதுகெலும்பின் நடுக்குழாய் ஒடுங்கிய முதியோர்க்கு என்ன நிகழ்கின்றது என்று 2010இல் கணக்கெடுத்தனர். பல எலும்புகளை ஒன்றாய்ப் பொருத்தும் சிக்கலான சத்திரசிகிச்சை, 2002இல் இலட்சம் பேர்க்கு 1.3 ஆக இருந்தது, 2007இல் 19.9 ஆயிற்று. உயிருக்கு ஆபத்தான பின்விளைவு, எளிய முறையில் நூற்றுக்கு 2.3 பேர்க்கும் சிக்கலான முறையில் 5.6 பேர்க்கும் நேர்ந்தது.

நேயர்களே, நோவை எல்லாம் அலட்சியஞ் செய்யலாம் என்பது இதன் பொருளன்று. நாரிநோவுடன் காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படுதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி வைத்தியரை நாடல் வேண்டும். அஃதல்லாத சாதாரண நோவுக்கு, இயன்றவரை நடமாடுவதே நலம்.

நீண்டகாலமாய்ச் சொல்லப்பட்டு வந்தமையாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. "எவ்வாறு அறிந்தோம்?" என்று பணிவோடு கேட்பதும், வந்த விடையை அஞ்சாது சொல்வதுமே அறிஞர் கடன். டேயோவின் நீண்ட பட்டியலில் நான் கண்ட மணிகள் இவ்விரண்டுமே.