மூலையைத் தோண்டாதீங்க! சதைக்குள் பாயும் கால் நகம்

தேனி:
கால் பெருவிரல் நகம் சதையில் குத்தி வீங்கிவிட்டதா? "நகச்சுத்திதானே!" என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு திரியாதீர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடுபவர்களுக்கும், ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டம் போகிறவர்களுக்கும் ஈரக்காலோடுதான் பொழப்பு. ஊறிய சதையில் நகமுனை சுலபமாக இறங்கும். இறுக்கமான பூட்ஸ் வேறு என்றால் கேட்கவே வேண்டாம்!

முக்கிய வில்லன் பிளேடு. மூலையை வளைத்துத் தோண்டினால், வளரும் நகம் சதைக்குள் பாயும். நேராக வெட்டணும், ஒட்ட வெட்டக் கூடாது.

ஆரம்ப வலிக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தினம் 2, 3 தடவை 15 நிமிடம் காலை வைக்கலாம். சீழ் பிடித்தால் டாக்டர்தான். விரலை மரத்துப்போகச் செய்து, குத்தும் ஓரத்தை மட்டும் எடுத்துவிடுவார்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் முதல் நாளே க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடணும். பலருக்கு வலியே தெரியாது. புண் முற்றினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.