மீம்ஸ்: தடுப்பதா, பாடமாக்குவதா?

பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் நமக்குக் கோபம் வருகிறது. "படிக்கிற நேரத்தில் என்ன மீம்ஸ்?" என்று அதட்டுகிறோம். ஆனால் அந்தச் சிரிப்பையே பாடத்துக்குள் கொண்டுவர முடியும்.

'மீம்' என்ற சொல்லை 1976-ல் பிரிட்டன் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கினார். ஒருவரைப் பார்த்து மற்றவர் பின்பற்றுவதால் பரவும் கருத்துகளுக்கும் பழக்கங்களுக்கும் அவர் இட்ட பெயர் அது. இன்று இணையத்தில் பரவும் நகைச்சுவைப் படங்களுக்கு அதுவே பெயராகிவிட்டது.

மீமுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. விஷயம் தெரிந்தவருக்குத்தான் சிரிப்பு வரும். தமிழ்ப் பாடத்தில் மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் ஒற்றுப் பிழையையே எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் ஓர் இளைஞர் "ஐயா, வேலைக் கொடுங்கள்" என்று விண்ணப்பம் நீட்டுகிறார். அடுத்த படத்தில் அதிகாரி அவர் கையில் ஒரு வேலாயுதத்தைக் கொடுக்கிறார். அவ்வளவுதான் மீம்.

'வேலை கொடு' என்றால் பணி கொடு. 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு. 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்ற விதி இதில் அடங்கியிருக்கிறது. சிரித்த மாணவருக்கு விதி புரிந்துவிட்டது. சிரிக்காதவர் "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

மீமைப் பார்ப்பதைவிட உருவாக்குவதில் பலன் அதிகம். பாடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அதை வைத்து நகைச்சுவை செய்ய முடியாது. ஆனால் மூன்று விஷயங்களில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

முதலாவது, பகிரும் முன் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவறான தகவலும் சிரிப்போடு சேர்ந்து மனதில் பதிந்துவிடும்.

இரண்டாவது, சக மாணவர், ஆசிரியர் படங்கள் கூடாது. நிறம், உடல், பேச்சு எதுவும் கேலிப் பொருளாகக் கூடாது. நாற்பது பேர் சிரிக்கும் ஒரு படம், ஒரு பிள்ளையைப் பள்ளிக்கே வரவிடாமல் செய்துவிடலாம்.

மூன்றாவது, மீமோடு நின்றுவிடக் கூடாது. அதன் பொருளை நான்கு வரிகளில் சொந்தமாக எழுதச் சொல்ல வேண்டும். தேர்வில் கைகொடுப்பது அந்த நான்கு வரிகள்தான்.

இன்றிரவு கைபேசியைப் பறிப்பதற்குப் பதிலாக, "உன் பாடத்தில் ஒரு மீம் செய்து எனக்கு விளக்கு" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது அந்த விளக்கத்திலேயே தெரிந்துவிடும்.