கடைக்கு ஒரு சேவையகம்

எங்கள் வாப்பாவின் கடை மாவனல்லையில் கண்டி வீதியோரம் இருக்கிறது. சீமெந்து, கம்பி, பெயின்ட், குழாய் என்று கட்டடப் பொருள்கள் விற்கிறோம். முன்னால் பில் போட இரண்டு கணினிகள், உள்ளறையில் கணக்குக்கு ஒன்று, களஞ்சியத்தில் ஒன்று. சென்ற வருடம் வரை எல்லாக் கணக்கும் அந்த உள்ளறைக் கணினியிலேயே கிடந்தது. ஏப்ரல் மாதப் பின்னேரமொன்றில் இடி விழுந்தது. மறுநாள் அது இயங்கவில்லை. கடைசியாக எடுத்த பிரதி 17 நாள் பழையது.

விற்பனைக் கணக்கைப் பில் புத்தகங்களைப் பார்த்துத் திரும்பப் பதிந்துவிட்டோம். கடன் கணக்குத்தான் சிக்கலானது. அந்த 17 நாளில் வந்து பணம் கட்டியவர்களெல்லாம் கணினியில் இன்னும் கடன்காரர்களாகவே நின்றார்கள். கூரைத் தகடு வாங்கிய மூதாட்டி ஒருவர் தான் கட்டி முடித்துவிட்டதாகச் சொன்னார். ரசீது அவரிடம் இல்லை. வாப்பா அவர் சொல்லை ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்றிரவு சாப்பிடும்போது, “அந்த மனிசி பொய் சொல்றாவோ எண்டு ஒரு நிமிஷம் யோசிச்சிட்டன்” என்றார். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

உயர்தரத்தில் நான் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிப்பதால், விசாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. கொழும்பில் வேலை செய்யும் நானா போனில் உதவினார். தேவைப்பட்டது ஒரு சேவையகம். அதாவது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகக் கணக்கை ஓரிடத்தில் வைத்துக் கேட்டதும் கொடுக்கும் கணினி.

ஒரு விற்பனையாளர் ராக் வகைச் சேவையகத்துக்கு விலை தந்தார். அதன் சிறு விசிறிகள் வேகமாகச் சுழன்று இரைச்சல் போடும். குளிரூட்டிய அறையும் வேண்டும். நான்கு கணினிக்கு அது, ஒரு மூட்டை சீமெந்து ஏற்ற லொறி வாங்குவது போலத்தான். நானா, “பெட்டியப் பிறகு பாரு, முதல்ல மென்பொருளக் கேளு” என்றார்.

விண்டோஸ் சேர்வர் வாங்கினால் கணினிக்கு ஒரு உரிமம் போதாது. ஸ்டாண்டர்ட் பதிப்பில் குறைந்தது 16 கோர்களுக்குக் கட்ட வேண்டும். இணையும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ தனி அனுமதியும் வேண்டும். லினக்ஸ் குடும்பத்து டெபியனுக்கு அந்தச் செலவு இல்லை. விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர அதில் சம்பா என்ற மென்பொருள் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிட்ஜல் 1992இல் தொடங்கியது. ஆனால் ஊரில் கணினி திருத்தும் தம்பிக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும். இதை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. எங்கள் பில் மென்பொருளின் தரவுத்தளம் லினக்ஸில் இயங்குமென அதைச் செய்தவரிடமே கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே டெபியனைத் தெரிவு செய்தோம்.

வன்பொருள் அதன்பின் எளிதாயிற்று. மேசைக்கடியில் நிற்கும் சிறிய டவர் சேவையகம், பிழை திருத்தும் ஈசீசீ நினைவகம் 16 ஜிகாபைட், இரண்டு வன்தட்டுகள். எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். இதை ரெய்ட் 1 என்பார்கள். ஒன்று பழுதானாலும் கடை நிற்காது. ஆனால் இதைப் பிரதி என்று நினைப்பது பெரிய தவறு. யாராவது தவறுதலாக ஒரு கணக்கை அழித்தால், இரண்டிலும் அழிந்துவிடும். இடி விழுந்தால் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன.

மின்சாரத்துக்கு ஒரு யூபிஎஸ். அது மணிக்கணக்கில் கடையை ஓட்டுவதற்கல்ல. மின்சாரம் போனதும் கேபிள் வழியாகச் சேவையகத்துக்குச் சொல்லி, அது எழுதுவதை முடித்து ஒழுங்காக மூடிக்கொள்ளச் சில நிமிடம் தருவதற்கு. அந்தக் கேபிளை மாட்டாமல் யூபிஎஸ் வைத்திருக்கும் கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

பிரதியில் நானும் பிழை விட்டேன். ஒவ்வோர் இரவும் தரவுத்தளக் கோப்புகளை வெளி வன்தட்டுக்கு அப்படியே நகலெடுக்க ஒழுங்கு செய்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பழைய கணினியொன்றில் அதைத் திறந்து பார்த்தால், திறக்கவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகள் நகலெடுக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். பாதி பழையது, பாதி புதியது. தரவுத்தளத்தின் சொந்தக் கட்டளையால்தான் பிரதியை வெளியே எடுக்க வேண்டும். முப்பது நாளும் எங்களிடம் உண்மையில் பிரதி எதுவும் இருக்கவில்லை. வாப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இப்போது இரண்டு வெளி வன்தட்டுகள் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒன்று கடையில், மற்றது உம்மாவின் அலுமாரியில். மாதத்தின் முதல் வெள்ளி, ஜும்ஆவுக்குக் கடை பூட்டியிருக்கும் வேளையில் நான் பிரதியைப் பழைய கணினியில் ஏற்றுவேன். பின்னேரம் வாப்பா தன் கடன் கொப்பியிலிருந்து ஐந்து பெயர் வாசிப்பார். நான் திரையைப் பார்த்து மிகுதியைச் சொல்வேன். கொப்பி எழுதுவதை அவர் இன்னும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.