தலைக்கேடய மீன்

பிராணிகள் மாண்டபின் எலும்பும் செதிலுமே கல்லில் எஞ்சுதல் வழக்கம். மூளையும் நரம்பும் விரைவில் அழிந்துபோம். ஆயினும், ஏறக்குறைய 41 கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒரு மீனின் மூளை எவ்வடிவினது என்பதை நாம் இன்று அறிவோம். அவ்வறிவு கிட்டிய வகையை ஈண்டு ஆராய்வோம்.

ஸ்காட்லாந்து தேசத்துச் செம்மணற்கல்லினின்று எடுக்கப்பட்ட இம்மீனுக்கு, சுவிட்ஜர்லாந்து அறிஞர் லூயி அகாஸி என்பார் 1835இல் 'செபலாஸ்பிஸ்' எனப் பெயரிட்டார். தலைக்கேடயம் என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். குதிரை லாடம் போன்ற ஒரே எலும்புக் கவசம் இதன் தலையை மூடியிருந்தது. கவசத்தின் பின்மூலைகள் இரண்டும் கொம்புகளாய் நீண்டிருந்தன. கண்கள் மேற்புறத்தே நெருங்கியிருந்தன. அவற்றின் முன்னே ஒற்றை நாசித்துவாரம். வாய் கீழ்ப்புறத்தது, தாடையோ இல்லை. ஆதலின் கடித்துண்ணல் இதற்கு இயலாததாயிற்று.

இம்மீனின் தலையினுள், மூளையையும் நரம்புகளையும் சூழ்ந்து மெல்லிய எலும்புப் படலம் அமைந்திருந்தது. வார்ப்புத் தொழிலில் மெழுகு உருகி ஓடியபின்னும் அதன் வடிவம் மண்ணச்சில் நிற்பதுபோல, நரம்பு அழிந்தபின்னும் அது சென்ற வழி நின்றது. வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பர்கன் தீவிற் கிடைத்த இக்குடும்பத்து மீன்களை, சுவீடன் தேசத்து எரிக் ஸ்டென்சியோ என்பார் ஆராய்ந்து 1927இல் பெருநூல் வெளியிட்டார். கல்லைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் தோன்றிய முகத்தை வரைந்து, அப்படங்களைப் பெரிதாக்கி மெழுகுத் தகடுகளாய் வெட்டி அடுக்கியபோது, மூளையின் உருவம் வெளிப்பட்டது. நமது செவியில் மூன்றாயுள்ள அரைவட்டக் குழாய்கள் இம்மீனுக்கு இரண்டே என்பதும் புலனாயிற்று.

ஆனால் இம்முறையில் தேய்த்த கல் மீளாது. ஒரு முகத்தைப் பிழைபட வரைந்தால், திருத்துதற்கு மூலம் இராது. இந்நாளில் கல்லைச் சிதையாமலே எக்ஸ் கதிர்களால் உட்புறத்தைக் காண்கின்றனர். அந்நாளில் அவ்வசதி இல்லை.

இன்றும் வாழும் தாடையற்ற லாம்ப்ரே மீனுக்கு இவை நெருங்கிய உறவின என ஸ்டென்சியோ முடிவு கூறினார். இவற்றின் இணைத் துடுப்புகளையும் எலும்பிலுள்ள உயிரணுக் குழிகளையும் கருதி, தாடையுள்ள பிராணிகளுக்கே இவை அணுக்கமானவை என இக்கால அறிஞர் கொள்வர். அஃதாவது, இவை நம் கிளைக்கே நெருங்கியவை. அவ்வாறு அவர் முடிவு மாறிய பின்னரும், அவர் பொறுமையுடன் வரைந்த படங்கள் பயன்பட்டே வருகின்றன. ஆய்வுக்கூடத்தில் கண்டதைக் கண்டவாறே வரையப் பயிலும் மாணாக்கர் இதனை நினைவிற் கொள்வாராக.