கடைசி ஊர்வலம் – 9: சாந்தியாகோவில் ஒரு வருகைப் பதிவு

சென்ற வாரம் பார்த்த ஸ்பானியக் கவிஞர் லோர்காவுக்கு உடலே கிடைக்கவில்லை. 1936இல் சுட்டவர்கள் அவரை எந்தக் குழியில் போட்டார்கள் என்பது இன்னும் தெரியாது. கிரனாடா பக்கம் தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் அவருடைய சிநேகிதர். இவருக்கு உடல் இருந்தது. அதைக் கிடத்தத்தான் ஒரு நல்ல தரை இல்லை.

1973 செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு, சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில் ஒரு தனியார் மருத்துவமனையில் பாப்லோ நெரூதா இறந்தார். வயது 69. புரோஸ்டேட் புற்றுநோய் இருந்தது. ஆனால் அந்த மாதத்தில் சிலியில் யாருடைய சாவையும் நோயோடு மட்டும் சேர்த்துப் பேச முடியாது. செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. ஜனாதிபதி மாளிகைமீது விமானங்கள் குண்டு போட்டன. உள்ளே இருந்த ஜனாதிபதி அயெந்தே, நெரூதாவின் நெருங்கிய நண்பர், அன்றே உயிரிழந்தார். மறுநாள் அவரை வேறொரு ஊர் மயானத்தில், பெயர்கூடப் பொறிக்காமல் புதைத்தார்கள். கடலோரம் இஸ்லா நெக்ரா என்ற கிராமத்து வீட்டில் படுக்கையில் கிடந்த நெரூதாவை, 19ஆம் தேதி ஆம்புலன்ஸில் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் சிப்பாய்கள் அந்த வண்டியையும் மறித்துச் சோதனை போட்டார்கள். அவரை வெளியேற்றிக் காப்பாற்ற மெக்சிகோ ஒரு விமானத்தைத் தயாராக வைத்திருந்தது. அது கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாந்தியாகோவில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. சான் கிறிஸ்தோபல் குன்றின் அடிவாரத்தில். பெயர் 'லா சாஸ்கோனா'. நம் பேச்சில் சொன்னால் 'பரட்டைத்தலைக்காரி'. காதலி மத்தில்டேயின் அடங்காத செம்பட்டை முடியை வைத்து அந்தப் பெயர். 1953இல் வீட்டைக் கட்டத் தொடங்கியபோது நெரூதாவுக்கு வேறொரு மனைவி இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்சி மாறிய கையோடு இந்த வீட்டுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். ஜன்னல்கள் போயின, ஓவியங்கள் கிழிந்தன, புத்தகங்கள் போயின. மேலே ஓடும் வாய்க்காலை அடைத்துத் தண்ணீரை வீட்டுக்குள் திருப்பிவிட்டார்கள்.

உடலை வேறெங்காவது வைக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. மத்தில்டே கேட்கவில்லை. அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். சேற்றின்மேல் பலகை போட்டுச் சவப்பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு, ஜன்னல் இல்லாத கூடத்தில், காலடியில் கண்ணாடி நொறுங்க, குளிரில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் விசாரிக்கத் தூதர்கள் வந்தார்கள், வெளிநாட்டு நிருபர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வீட்டையும் பார்த்தார்கள். ராணுவ ஆட்சியைப் பற்றி ஒரு கண்டன அறிக்கை எழுதியிருந்தால்கூட அந்தக் கூடம் சொன்ன அளவுக்குச் சொல்லியிருக்காது. மத்தில்டே அதைத் தெரிந்தே செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

யார் இந்த மனிதர், ஒரு நாடே இவருக்காக இவ்வளவு தவிக்க? நோபல் பரிசை (1971) வைத்துப் பதில் சொல்லிவிட முடியாது. இருபது வயது நிறைவதற்கு முன் ஒரு காதல் கவிதைத் தொகுப்பைப் போட்டார். 1924. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் காதலித்தவர்கள் மூன்று தலைமுறைக்கு அதிலிருந்து திருடித்தான் கடிதம் எழுதினார்கள். என் கல்லூரி விடுதியில்கூட ஒருவன் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துத் தன் பெயர் போட்டு ஒரு பெண்ணுக்குக் கொடுத்தான். கல்யாணமும் ஆனது. இன்றுவரை அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாது.

காதல் கவிஞராகவே இருந்திருந்தால் அந்த ஊர்வலம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஸ்பெயினில் தூதரக அதிகாரியாக இருந்தவர், உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று வேலையை இழந்தார். 1939இல் வின்னிபெக் என்ற பழைய சரக்குக் கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பானிய அகதிகளைச் சிலிக்கு அனுப்பிவைத்தார். தான் எழுதிய கவிதைகளை எல்லாம் யாராவது அழித்தாலும் இந்த ஒன்று நிற்கும் என்று அவரே கருதினார். சாந்தியாகோவின் பெரிய காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளிகளின் சங்கம் அவரை ஒருமுறை பேசக் கூப்பிட்டது. போனால், குளிருக்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பையில் இருந்த ஸ்பெயின் கவிதைப் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். கிட்டத்தட்ட முழுவதையும் வாசித்தார். கடைசியில் இடுப்பில் சாக்கோடு ஒருவர் எழுந்து, இதுவரை எதுவும் தங்களை இப்படித் தொட்டதில்லை என்று சொல்லி உடைந்து அழுதார். கூட இன்னும் பலர் அழுதார்கள். நெரூதாவே எழுதி வைத்திருக்கும் சம்பவம் இது. கவிஞர்கள் தம்மைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் நம்ப வேண்டும். ஆனாலும் செப்டம்பர் 25 அன்று நடந்ததைப் பார்த்தால் இதை நம்பத் தோன்றுகிறது.

அன்று காலை பெட்டி கிளம்பியபோது கூட்டம் பெரிதில்லை. ஊரில் ஊரடங்கு. இடதுசாரிக் கட்சிகளுக்குத் தடை. பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் தேசிய விளையாட்டரங்கில் அடைபட்டிருந்தார்கள். 1972 டிசம்பரில் நோபல் பரிசோடு திரும்பிய நெரூதாவுக்கு மக்கள் கூடி வரவேற்பு கொடுத்ததும் அதே அரங்கில்தான். பத்து மாதம்கூட ஆகவில்லை. வழிநெடுக இயந்திரத் துப்பாக்கியோடு சிப்பாய்கள். பெட்டிக்குப் பின்னால் நடப்பது என்றால் முகத்தைக் காட்டிக்கொண்டு நடப்பது. நடந்தார்கள். போகப் போக ஆள் சேர்ந்தது. மாணவர்கள், தொழிலாளிகள், பெண்கள், கையில் அவர் புத்தகத்தைப் பிடித்திருந்தவர்கள்.

யாரோ ஒருவர் கூட்டத்திலிருந்து கூப்பிட்டார்: தோழர் பாப்லோ நெரூதா! கூட்டம் பதில் சொன்னது: பிரெசெந்தே!

இந்தச் சொல்லை 'வாழ்க' என்றோ 'அமரர்' என்றோ மாற்றினால் கெட்டுப்போகும். லத்தீன் அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது பையன்கள் சொல்வது அது. நாம் எல்லாரும் எழுந்து நின்று சொல்லியிருக்கிறோமே, 'உள்ளேன் ஐயா', அதேதான். இறந்தவனின் பெயரைக் கூப்பிட்டு, அவன் சார்பில் மற்றவர்கள் ஆஜர் சொல்வது அங்கே வழக்கம்.

முதலில் நெரூதாவின் பெயர் மட்டும். மயானத்தை நெருங்க நெருங்க வேறு பெயர்கள் எழுந்தன. விக்தர் ஹாரா! உள்ளேன். அயெந்தே! உள்ளேன். ஹாரா பாடகர். அவரைச் சிறைப்பிடித்துச் சித்திரவதை செய்து சுட்டுப்போட்டார்கள். ஒரு வாரம் முன்பு இதே மயானத்தில் மனைவியும் ஓரிருவரும் மட்டும் நின்று சத்தமில்லாமல் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அயெந்தேயின் பெயரை அந்த நாட்களில் தெருவில் உரக்கச் சொல்ல ஆளில்லை. இப்போது நூற்றுக்கணக்கான குரல்கள் சொல்லின. தடை செய்யப்பட்ட சர்வதேசிய கீதத்தைத் துப்பாக்கி முனைகளுக்கு முன்னாலேயே பாடினார்கள். சிப்பாய்கள் சுடவில்லை. வெளிநாட்டுக் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ராணுவத் தளபதி பினோசெட்டின் ஆட்சிக்கு எதிரான முதல் பொதுப் போராட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். போராட்டத்துக்கு அனுமதி கிடைக்காத ஊரில் சாவுக்கு மட்டும் அனுமதி இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கவனித்திருக்கிறேன். கிடப்பவர் பக்கத்துத் தெருப் பெரியவராக இருப்பார். நாலு அடி பாடியதும் ஒருத்தி, போன வருஷம் மருந்து குடித்துச் செத்த தன் தம்பியைக் கூப்பிடத் தொடங்கிவிடுவாள். யாரும் தடுக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் தோளில் கையைப் போட்டு, தானும் இன்னொரு பெயரை எடுப்பாள். எழவு வீட்டில் அவரவர் துக்கத்தை அவரவர் அழுதுகொள்ளலாம் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். சாந்தியாகோவில் நடந்தது அதுதான். அழ இடமில்லாமல் இரண்டு வாரமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, அழ அனுமதிக்கப்பட்ட ஒரு உடல் கிடைத்தது.

அன்று அவரை ஒரு நண்பர் குடும்பத்தின் கல்லறையில் இரவலாக வைத்தார்கள். அடுத்த வருஷம் அங்கிருந்து எடுத்து, அதே மயானத்தில் சுவரில் ஒரு மாடத்துக்கு மாற்றினார்கள். கடலைப் பார்த்தபடி இஸ்லா நெக்ராவில் கிடக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதற்கு 1992 டிசம்பர் வரை, அதாவது ராணுவ ஆட்சி போன பிறகும் சில காலம், காத்திருக்க வேண்டியிருந்தது. 1985இல் இறந்த மத்தில்டேயும் இப்போது அங்கே பக்கத்தில் இருக்கிறார். நடுவே அந்தக் கடலோர வீடு பூட்டி முத்திரை வைத்துக் கிடந்தது. உள்ளே போக முடியாத வாசகர்கள் வெளியே மரவேலியின் பலகைகளில் எழுதினார்கள். பேனாவால், கத்தியால், எது கிடைத்ததோ அதால். காதலர்கள் தங்கள் பெயர்களை எழுதினார்கள். அரசியல் எழுதினார்கள். அவரிடம் நேரில் பேசுவதுபோல் நலம் விசாரித்தவர்களும் உண்டு. பளிங்கு மணிமண்டபங்களைவிட அந்த வேலி எனக்குப் பிடிக்கும். உளுத்துப்போகும் என்று தெரிந்தே எழுதினார்கள்.

சாவு அதோடும் முடியவில்லை. மருத்துவமனையில் வயிற்றில் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று அவருடைய டிரைவர் சொன்னதால் 2013இல் உடலைத் தோண்டி எடுத்தார்கள். பல நாட்டு ஆய்வகங்கள், பல அறிக்கைகள். சான்றிதழில் எழுதியிருந்த காரணம் சரியில்லை என்று 2017இல் நிபுணர் குழு சொன்னது. 2024இல் வழக்கை மறுபடி திறக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்த அத்தியாயத்தை இங்கேயே நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். கொழும்பின் வெள்ளவத்தையில் வளர்ந்த ஒரு சிநேகிதியிடம், நெரூதாவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். "நீங்கள் அவற்ற கவிதையைத்தான் வாசிச்சிருக்கிறியள். அவர் எங்கட ஊரிலை செய்ததை வாசிக்கேல்லைப் போல" என்றார்.

நெரூதாவின் சுயசரிதை அவர் இறந்த மறுவருஷம், 1974இல் வெளிவந்தது. கடைசிப் பக்கங்களை மரணப் படுக்கையில் எழுதினார். கையெழுத்துப் பிரதியைக் காப்பாற்றி அச்சுக்குக் கொண்டுவந்ததில் மத்தில்டேக்குப் பங்கு உண்டு. உலகம் முழுவதும் வாசகர்கள் அதை ஓர் அஞ்சலி மலர்போல வாங்கினார்கள். அதற்குள் கொழும்பு இருக்கிறது. 1929இல் சிலியின் தூதரக அதிகாரியாக வெள்ளவத்தையில் கடலோர பங்களாவில் குடியிருந்தார். அங்கே கக்கூஸ் வாளியை எடுத்துச் சுத்தம் செய்ய விடியற்காலையில் ஒரு பெண் வருவாள். தமிழ்ப் பெண், ஒடுக்கப்பட்ட சாதி. அவர் வைத்த பரிசுகளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் படுக்கைக்குக் கொண்டுபோனார். முழுநேரமும் அவள் கண்களைத் திறந்தபடி, தென்னிந்தியச் சிற்பம்போல, அசையாமல் கிடந்ததாக எழுதுகிறார். தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்றும் எழுதுகிறார். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். நடந்ததற்கு உரிய சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. வல்லுறவு என்பது அந்தச் சொல்.

பல பத்தாண்டுகள் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதா பெயர் வைக்கும் யோசனை வந்தபோது சிலி நாட்டுப் பெண்கள்தான் இந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். பெயர் மாறவில்லை. இலங்கை இயக்குநர் அசோக ஹந்தகம இதை வைத்து 2021இல் 'அல்பொராடா' என்ற படத்தை எடுத்தார். மலம் அள்ளக் கீழே குனிந்த ஒரு தமிழ்ப் பெண்ணைச் சிலி நாட்டுப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் கவிதையை மேடை மேடையாகச் சொன்ன நாம் நினைக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதனால் 25ஆம் தேதி நடந்தவர்களின் தைரியம் ஒரு குண்டுமணி அளவும் குறையாது. அது அவர்களுடையது. அவர்கள் அன்று கூப்பிட்ட பெயர்கள் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. வெள்ளவத்தைப் பெண்ணை அப்படிக் கூப்பிட முடியாது. நெரூதா அவள் பெயரை எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார்.

சுயசரிதையைத் தேடி வாசிப்பவர்கள் தயவுசெய்து கொழும்பு அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அந்தப் பெண் வரும் இடம் ஒன்றரைப் பக்கம்கூட வராது.

(தொடரும்)