3-ம் வகுப்பு போயும் எழுத்துக்கூட்டிப் படிக்க திணறும் பிள்ளைகள்: வீட்டில் என்ன செய்யலாம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வீட்டுக்கு வரும் அப்பாவுக்கு, பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். நோட்டு நிறைய அழகான கையெழுத்து இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதியது. ரேங்க் கார்டிலும் தேர்ச்சி என்றுதான் இருக்கும். ஆனால் பாடப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து "படி பார்க்கலாம்" என்றால் பிள்ளை தலையைச் சொறியும்.

8-ம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்குவது இல்லை என்பதால் இந்த விஷயம் பல வீடுகளில் வெளியே தெரிவதே இல்லை. 6-ம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என்று பாடம் கூடும்போதுதான் குட்டு உடைகிறது. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எல்லாப் பாடமும் இரும்புக் கடலைதான். 8-ம் வகுப்பு தாண்டியதும் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பையன்களில் பலருடைய கதை இந்த 2-ம் வகுப்பு, 3-ம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது.

திட்டம் தொடங்கியதே நம்ம மாவட்டத்தில்

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்ததில் சின்னப் பிள்ளைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். 2022-ம் ஆண்டு ஏசர் ஆய்வின்படி, நாடு முழுவதும் 3-ம் வகுப்பு பிள்ளைகளில் 2-ம் வகுப்பு பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 20.5 சதவீதம் பேர்தான். 2018-ல் இது 27.3 சதவீதமாக இருந்தது.

இந்த இடைவெளியைச் சரிக்கட்ட தமிழக அரசு கொண்டு வந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022-ம் ஆண்டு ஜூன் 13-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்த இடம், திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. 8 வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும், அடிப்படைக் கணக்கு போடவும் வேண்டும் என்பது இதன் நோக்கம். முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை வந்தது. மறு ஆண்டில் 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

பெற்றோர் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே ஒரு விஷயம். பிள்ளைகளை வகுப்பை வைத்து மட்டும் பார்க்காமல், எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும்போது "நல்லா படிக்கிறானா டீச்சர்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்று பதில் வரும். "அரும்பா, மொட்டா, மலரா?" என்று கேளுங்கள். உண்மை நிலவரம் தெரிந்துவிடும். 3-ம் வகுப்பு முடியும் நேரத்திலும் அரும்பிலேயே நிற்கிறது என்றால் உடனே கவனிக்க வேண்டும்.

இது திடீரென்று முளைத்த யோசனையும் இல்லை. 2003-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்த எம்.பி.விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறையைக் கொண்டு வந்தார். 2007-08-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. அட்டை, ஏணிப்படி, பாய் விரித்து தரையில் உட்காரும் டீச்சர் என்று அப்போது படித்த பிள்ளைகள்தான் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

247-ஐப் பார்த்து பயம் வேண்டாம்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக மொத்தம் 247. இதைச் சொன்னாலே பிள்ளைக்கு ஜுரம் வரும். நிஜத்தில் அத்தனை வடிவம் கிடையாது. க, ச, ட என்று அடிப்படை எழுத்துகள் தெரிந்து, கால், கொம்பு, சுழி போன்ற குறிகள் தெரிந்தால் பெரும்பாலான எழுத்து வந்துவிடும். தகராறு செய்வது கு, சு, டு, பு, ரு வரிசையும், கூ, சூ, டூ வரிசையும்தான். இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். இந்த இரண்டு வரிசைக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாதம் ஒதுக்கினால் தப்பில்லை.

இன்னொரு சிக்கல் கொம்பு. 'கே' என்று சொல்லும்போது முதலில் வருவது 'க்' சத்தம். எழுதும்போதோ கொம்பை முதலில் போட வேண்டியிருக்கிறது. பிள்ளை குழம்பத்தான் செய்யும். திட்டாமல் கெ, கே, கொ, கோ நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும்.

ட, ப, ம மாதிரி எளிய எழுத்தில் ஆரம்பித்தால் மூன்று எழுத்து தெரிந்த அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு வார்த்தை படித்துவிடலாம். 'அ' முதல் 'ன' வரை வரிசையாக ஒப்பித்துவிட்டுத்தான் வார்த்தைக்கு வர வேண்டும் என்று உட்கார்ந்தால் பாதி வருடம் போய்விடும்.

பள்ளியா, பல்லியா?

எழுத்துப் பிழையில் நம்ம ஏரியாவுக்கென்றே ஒரு வியாதி உண்டு. வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று பேசுகிறோம். காதில் விழுந்ததைத்தானே பிள்ளை எழுதும்? 'பயம் சாப்பிட்டேன்' என்று எழுதி வைக்கும். 'பல்லிக்கு போனேன்' என்று எழுதுகிற பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருக்கிறது. பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. வீட்டில் வாயப்பயம் என்றே பேசிக்கொள்ளுங்கள். படிக்கும்போது மட்டும் ழ-வுக்கு நாக்கை மடக்கிச் சொல்லிக் காட்டினால் போதும்.

ர, ற கதை வேறு. இப்போது பேச்சில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கேட்பதில்லை. அதனால் காதை நம்பிப் பயன் இல்லை, கண்ணைத்தான் பழக்க வேண்டும். 'பூண்டி ஏரி', 'பஸ்சில் ஏறி' என்று ஜோடியாக எழுதி சுவரில் ஒட்டுங்கள். கரை-கறை, அரை-அறை, மனம்-மணம், மலை-மழை என்று நாளைக்கு ஒரு ஜோடி போதும். பத்து ஜோடியை ஒரே நாளில் திணித்தால் எல்லாம் கலந்துவிடும்.

ங, ஞ, ண, ந, ம, ன இந்த ஆறில் எது எங்கே வரும் என்பதுதான் பிள்ளைகளைப் படுத்தும் அடுத்த பாடு. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. க-வுக்கு முன் ங், ச-வுக்கு முன் ஞ், ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ப-வுக்கு முன் ம், ற-வுக்கு முன் ன். இதை மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளை ஓடிவிடும். பஸ் போர்டும் ரெயில்வே ஸ்டேஷன் போர்டும் இருக்கிறதே! செங்குன்றத்தில் 'ங்கு', 'ன்ற' இரண்டும் இருக்கிறது. மீஞ்சூரில் 'ஞ்சூ'. கும்மிடிப்பூண்டியில் 'ண்டி'. பூந்தமல்லியில் 'ந்த'. அனுப்பம்பட்டில் 'ம்ப'. ஐந்து ஊர் பெயரில் ஆறு எழுத்தும் முடிந்தது. சென்ட்ரலுக்கு மின்சார ரெயிலில் போகும்போது ஒவ்வொரு ஸ்டேஷன் போர்டையும் ரெயில் கிளம்புவதற்குள் படிக்கச் சொல்லிப் பாருங்கள். செல்போனைக் கொடுத்து உட்கார வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

படிக்கிறது... புரியுதா?

கடகடவென்று படிக்கும் பிள்ளையிடம் "என்ன படிச்சே?" என்று கேட்டால் விழிக்கும். புத்தகத்தில் உள்ள பாடத்தைப் பல பிள்ளைகள் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து வைத்திருக்கும். கண் எழுத்தில் இருக்காது. புத்தகத்தில் இல்லாத நாலு வரியை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சாயம் வெளுத்துவிடும்.

உதாரணமாக இப்படி எழுதலாம்: 'அப்பா நைட் ஷிப்டுக்குப் போனார். டிபன் பாக்சை மறந்து விட்டார். அம்மா அதை அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் சைக்கிளை எடுத்தான்.' டிபன் பாக்சை மறந்தது யார் என்று முதலில் கேளுங்கள். பதில் வரியிலேயே இருக்கிறது. அடுத்து, அண்ணன் சைக்கிளில் எங்கே போகிறான் என்று கேளுங்கள். இதற்கான பதில் எந்த வரியிலும் இல்லை. கம்பெனிக்கு என்று சொல்லிவிட்டால் பிள்ளை புரிந்துதான் படித்திருக்கிறது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளைக்கு இன்னும் நிறைய கதை தேவை.

கதைக்கு காசு செலவழிக்க வேண்டாம். 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகச் சின்னச் சின்ன கதைப் புத்தகங்களை பள்ளிக்கல்வித்துறை வெளியிட்டது. 4, 5-ம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' என்ற இதழும் கொண்டு வந்தது. பள்ளியில் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் அதிகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் முடியும். சமைத்துக்கொண்டே "இன்னைக்கு என்ன கதை சொன்னாங்க?" என்று கேட்பது அவருடைய வேலை. பிள்ளை சொந்த வார்த்தையில் சொல்லும்போதுதான் சொல்வளம் கூடுகிறது.

வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளைகள்

எல்லையோரம் ஆரம்பாக்கம், எளாவூர் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு. சிப்காட்டைச் சுற்றிய வாடகை வீடுகளில் இந்தி, ஒடியா. இந்தப் பிள்ளைகளும் தமிழ் படித்தாக வேண்டும். 2006-ம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி 1-ம் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயம். இவர்கள் மந்தம் என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம். இந்தியில் எ, ஒ குறிலும் இல்லை, ழ-வும் இல்லை. கெ, கே இரண்டும் ஒன்றாகத்தான் அந்தப் பிள்ளைக்குக் கேட்கும். முதலில் பேச்சுத்தமிழ் நன்றாக வரட்டும், வார்த்தைக்குப் பொருள் தெரியட்டும். எழுத்து பின்னால் வரும். தெருவில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஸ்டேஷன் போர்டில் தமிழுக்குப் பக்கத்தில் இந்தியும் இருப்பது இவர்களுக்கு நல்ல வசதி.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் பிள்ளையை அடிப்பதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்து போர்டு தெரியாமலேயே வருடத்தை ஓட்டும் பிள்ளைகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ பார்க்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். கண், காது இரண்டும் சரியாக இருந்து, எழுத்து மட்டும் தலைகீழாகவோ இடம் மாறியோ வந்துகொண்டே இருந்தால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். வட்டார வள மையத்தில் இதற்கென சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். போகும்போது பிள்ளையின் பழைய நோட்டு இரண்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.